தூண்டிற்கோலின் வரலாறு



சென்ற கோடை விடுமுறையில் என் பெயரன் எங்கள் வீட்டிற்கு வந்திருந்தான். எங்கள் வீடு புதுச்சேரி நகரின் வடக்கெல்லையில், திண்டிவனம் செல்லும் சாலையை ஒட்டிய கோரிமேட்டில் உள்ளது. பெயருக்கேற்ப அது மேட்டு நிலம். ஆறு ஒன்றும் அங்கில்லை. ஆற்றைக் காண விரும்புவோர் தென்மேற்கே வில்லியனூர்ப் பக்கம் சென்று சங்கராபரணிக் கரையில்தான் நிற்க வேண்டும். வந்த மறுநாளே பெயரன் என்னிடம், “தாத்தா, ஆற்றில் தக்கை போட்டு மீன் பிடிக்க ஒரு தூண்டிற்கோல் வாங்க வேண்டும். விலை குறைந்ததாகவும் இருக்க வேண்டும், நல்லதாகவும் இருக்க வேண்டும். எதை வாங்கலாம்?” என்று கேட்டான். தன் கைப்பேசியில் பல கோல்களின் படங்களையும் காட்டினான். அவற்றுள் ஒன்றன் விலை, நான் ஆசிரியப் பணியில் சேர்ந்த காலத்தில் பெற்ற ஒரு மாத ஊதியத்தைக் காட்டிலும் மிகுதியாக இருந்தது.

கேள்வி சிறிது. ஆயினும் அதற்கு நேர்மையாக விடை சொல்லப் புகுந்தபோது, தமிழகத்துப் பாணர் முதல் அமெரிக்க நாட்டுத் துப்பாக்கித் தொழிலாளர் வரையில் பலரையும் நினைக்க வேண்டியதாயிற்று. என் சிறுவயதுப் பிழை ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டியதாயிற்று. அவனுக்குச் சொன்னதையே இன்று உங்களுக்கும் சொல்லுகிறேன்.

முதலில் நம் நாட்டிலிருந்தே தொடங்குவோம். தொண்டை நாட்டை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையை நீங்கள் அறிவீர்கள். காஞ்சிக்குச் செல்லும் வழியைச் சொல்லும் அந்நூலில், நீர்நிலை ஒன்றின் கரையில் மீன்பிடிக்கும் பாணன் ஒருவனைப் புலவர் காட்டுகிறார். அவன் தோளில் இறைச்சி இரை இட்ட தோற்பை தொங்குகிறது. கையில் நீண்ட மூங்கிற்கோல் இருக்கிறது. கோலின் நுனியில் நாண் கட்டியிருக்கிறது. நாணின் முனையில் வளைந்த இரும்பு முள் இருக்கிறது. இரையைக் கவ்விக்கொண்டு தப்பிய வாளைமீன் ஒன்று, பின்னர் நீரருகே நின்ற பிரம்பின் நிழல் அசைவதைக் கண்டும் அஞ்சுகிறதாம். பட்டறிவு பெற்ற மீன் அது!

இக்காட்சியில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கோல், நாண், முள், இரை ஆகிய நான்கும் அன்றே முழுமையாக இருந்தன. ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்குப் பின்னரும் ஏரிக்கரையில் நிற்கும் சிறுவன் கையில் அந்நான்கும்தான் இருக்கின்றன. வள்ளுவரும் சூதாட்டத்தின் தீமையைச் சொல்ல வந்தவிடத்து, சூதில் பெறும் வெற்றியைத் தூண்டிலின் இரும்பை மீன் விழுங்குவதற்கு ஒப்பிட்டார். எல்லோரும் அறிந்த பொருளையே அறநூலார் உவமையாகக் கொள்வர். ஆகவே தூண்டில் அன்று எல்லோர்க்கும் தெரிந்த, எளியவர் கைப்பொருளாக இருந்தது என்று கொள்ளலாம்.

பிற நாடுகளிலும் இதுவே நிலை. எகிப்து நாட்டில் ஏறத்தாழ நான்காயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட ஓவியம் ஒன்று கோலும் நாணும் கொண்டு மீன்பிடிப்போரைக் காட்டுகிறது. கி.மு. நான்காம் நூற்றாண்டளவில் எழுந்த சீனக் குறிப்பொன்று பட்டு நாணையும், ஊசியை வளைத்துச் செய்த முள்ளையும், மூங்கிற்கோலையும், சோற்று இரையையும் கூறுகிறது. நம்மூர்ச் சிறுவன் வீட்டுச் சோற்றை உருண்டையாகப் பிசைந்து முள்ளில் செருகுகிறானே, அதே வழக்கம் சீனத்திலும் இருந்திருக்கிறது.

இனி, தக்கையின் வேலை யாது என்பதைச் சொல்ல வேண்டும். இது விளங்கினால்தான் எந்தக் கோல் வேண்டும் என்பதும் விளங்கும்.

நாணில் முள்ளுக்குச் சில சாண் மேலே இலேசான பொருள் ஒன்றைக் கட்டுவர். நம் நாட்டில் நெட்டி, ஆமணக்குத் தண்டு, மயிலிறகின் காம்பு முதலியன இதற்குப் பயன்பட்டன. மேலை நாட்டார் ஒருவகை ஓக்கு மரத்தின் பட்டையாகிய கார்க்கைப் பயன்படுத்தினர். தக்கைக்கும் முள்ளுக்கும் இடையில் சிறிய ஈயக்குண்டு ஒன்றைக் கட்டினால் தக்கை நீரில் நிமிர்ந்து நிற்கும். இது இரண்டு வேலைகளைச் செய்கிறது. இரையை வேண்டிய ஆழத்தில் நிறுத்துவது ஒன்று. நீருக்கடியில் நடப்பதைக் கரையில் இருப்பவனுக்கு அறிவிப்பது மற்றொன்று.

ஏரியில் தக்கை நின்ற இடத்திலேயே நிற்கும். ஆற்றிலோ அது நீரோட்டத்தோடு மிதந்து செல்ல வேண்டும். நீர் செல்லும் வேகத்திலேயே இரையும் சென்றால்தான் மீன் ஐயுறாமல் அதைக் கவ்வும். ஆனால் நாண் நீரின்மேல் கிடந்தால் என்ன ஆகும்? ஓட்டம் நாணை வளைத்து இழுக்கும்; நாண் தக்கையை இழுக்கும்; தக்கை இரையை இழுக்கும். மற்றவை எல்லாம் ஒரு திசையில் செல்ல, இந்த இரை மட்டும் குறுக்கே ஓடும். மீன் அதை ஏறெடுத்தும் பாராது. எனவே நாணை நீரின்மேல் படாமல் தூக்கிப் பிடிக்க வேண்டும். அதற்குக் கோல் நீளமாக இருக்க வேண்டும். நெடுநேரம் கையில் தாங்குவதற்கு இலேசாக இருக்க வேண்டும். சிறு மீன் கடித்தாலும் உணர்த்துவதற்கு நுனி மெல்லியதாக இருக்க வேண்டும். நீளம், இலேசு, மெல்லிய நுனி ஆகிய இம்மூன்றும் ஒன்றுக்கொன்று பகை. நீளம் கூடினால் எடை கூடும். எடையைக் குறைத்தால் வலிமை குறையும். இப்பகையைத் தீர்க்க மனிதர் முயன்ற முயற்சியே தூண்டிற்கோலின் வரலாறு.

இங்கிலாந்தில் 1496ஆம் ஆண்டில் வெஸ்ட்மின்ஸ்டர் நகரில் விங்கின் டி வோர்டு என்னும் அச்சகத்தார், வேட்டை முதலியவற்றைப் பற்றிய பெருநூல் ஒன்றை வெளியிட்டார். அதனுள் தூண்டில் பற்றிய கட்டுரை ஒன்று சேர்க்கப்பட்டிருந்தது. ஆங்கிலத்தில் அச்சேறிய முதல் தூண்டில் நூல் அதுவே. கோலுக்குரிய மரத்தைக் குளிர்காலத்தில் வெட்டுவது, சூடேற்றி நேராக்குவது, காய வைப்பது, காய்ச்சிய இரும்புக் கம்பியால் துளையிடுவது, குதிரைவால் மயிரை முறுக்கி நாண் செய்வது, ஊசியைப் பழுக்கக் காய்ச்சி முள்ளாக வளைப்பது, கார்க்கைக் கொண்டு தக்கை செய்வது ஆகிய எல்லாவற்றையும் அது கற்பிக்கிறது. அக்காலத்து ஆங்கிலேயனும் கோலைக் கடையில் வாங்கவில்லை, தானே செய்துகொண்டான்.

ஆயினும் அக்கட்டுரையின் முடிவில் ஒரு செய்தி வருகிறது. இதைத் தனிச் சிறு நூலாக அச்சிட்டால் குறைந்த விலைக்குக் கிடைத்துவிடும். சோம்பித் திரிவோர் கையிற் சிக்கி மீன்வளம் அழிந்துவிடும். ஆகவேதான் பெருநூலோடு சேர்த்து உயர்குடியினர் மட்டும் வாங்கும்படி செய்தோம் என்ற கருத்து அங்கே சொல்லப்படுகிறது. மாணவர்களே, இதைச் சற்று எண்ணிப் பாருங்கள். கோல் செய்யும் மரம் வேலியோரத்தில் கிடைத்தது. முள் செய்யும் ஊசி தையற்காரன் வீட்டில் கிடைத்தது. செய்முறை அறிவுக்கு மட்டும் வேண்டுமென்றே விலை உயர்த்தி வைக்கப்பட்டது. ஏழைக்கு எட்டாதிருந்தது பொருளன்று, பொருளைப் பற்றிய அறிவே. ஆசிரியனாகப் பணியாற்றிய எனக்கு வரலாற்றில் இதைப்போல் மனத்தை உறுத்திய இடங்கள் சிலவே.

காலம் மாறியது. 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியரும் அமெரிக்கரும் தூண்டிலைப் பொழுதுபோக்காகக் கொண்டனர். கோல் செய்வது தனித்தொழிலாயிற்று. தென்னமெரிக்காவின் கயானாவிலிருந்து வந்த கிரீன்ஹார்ட்டு என்னும் வன்மரத்தால் கோல்கள் செய்தனர். அவை உறுதியானவை, ஆனால் கனமானவை. அப்போது சிலர் மூங்கிலை நோக்கினர்.

மூங்கிலின் அமைப்பை நீங்கள் செடிநூற் பாடத்தில் படித்திருப்பீர்கள். அதன் வலிமை தரும் நார்கள் எங்கும் ஒரே அளவில் இல்லை. உட்புறத்தில் அவை அருகியும், வெளித்தோலை அடுத்து நெருங்கியும் உள்ளன. ஆகவே மூங்கிலைப் பிளந்து, உட்பகுதியைச் சீவி எறிந்து, வெளிப்புறப் பட்டைகளை மட்டும் ஒன்றோடொன்று ஒட்டினால், முழுவதும் வலிய நாரால் ஆன மெல்லிய கோல் கிடைக்கும். அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்து ஈஸ்டன் ஊரில் சாமுவேல் பிலிப்பி என்னும் துப்பாக்கித் தொழிலாளர் 1840களில் இம்முறையில் கோல் செய்தார். பின்னர் மெயின் மாநிலத்து ஹைரம் லெனார்டு 1870களில் ஆறு பட்டைகளை ஒட்டி அறுகோண வடிவில் கோல் செய்வதைத் தொழிலாக வளர்த்தார். பட்டைகளைச் சரிவாகச் சீவுவதற்குப் பொறியும் அமைத்தார்.

அவர்கள் பயன்படுத்திய மூங்கில் எந்த நாட்டது என்று நினைக்கிறீர்கள்? நம் இந்திய நாட்டது! ‘கல்கத்தா மூங்கில்’ என்பது அவர்கள் இட்ட பெயர். கல்கத்தாத் துறைமுகத்தில் கப்பலேறியதால் அப்பெயர் பெற்றதேயன்றி, அந்நகர வீதிகளில் அது விளையவில்லை. அது நாம் கல்மூங்கில் என்று வழங்கும் இனம் என்பர். உள்ளே துளை சிறுத்து, சில கணுக்களில் துளையே இல்லாமல் கெட்டியாக வளரும் இம்மூங்கில் தமிழ்நாட்டு மலைக்காடுகளிலும் உண்டு. நம் ஊரில் ஏணிக்கும் பந்தற்காலுக்கும் தடிக்கும் பயன்பட்ட பொருள், கடல் கடந்து சென்று பிளவுண்டு, சீவுண்டு, ஒட்டுண்டு, பட்டு நூலால் கட்டுண்டு, செல்வர் கையில் விலையுயர்ந்த கோலாயிற்று. மூங்கில் மாறவில்லை. அதன்மேல் ஏறிய உழைப்பும், அது கடந்த தூரமுமே விலையாயின.

பின்னர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தா மூங்கிலின் இடத்தைத் ‘தோங்கின் மூங்கில்’ பிடித்தது. தோங்கின் என்பது அன்றைய பிரெஞ்சு இந்தோசீனத்தின் வடபகுதி. எங்கள் புதுச்சேரியிலிருந்து எத்தனையோ பேர் அக்காலத்தில் சைகோன் முதலிய இடங்களுக்கு அலுவலராகவும் படைவீரராகவும் சென்றனர். ஆகையால் அப்பெயர் எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்கு அயலானதன்று. ஆனால் வேடிக்கை என்னவென்றால், தோங்கின் மூங்கில் விளைவது தோங்கினில் அன்று! தென்சீனத்துக் குவாங்துங் மாநிலத்தில் ஒரு சிறு பகுதியில்தான் அது விளைகிறது. கான்டன் நகரில் பணியாற்றிய மக்ளூர் என்னும் செடிநூலறிஞர் 1931இல் அதற்கு அறிவியற் பெயர் சூட்டினார். வணிகர் இட்ட பெயரை நம்பி இடத்தைத் தேடுவோர் ஏமாறுவர் என்பதற்கு இவ்விரு மூங்கில்களும் சான்று.

இந்தியாவிலும் அக்காலத்தில் தூண்டில் பற்றிய நூல்கள் எழுந்தன. சென்னை மாகாண ஆட்சிப்பணியில் இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ் என்பார் 1873இல் மங்களூரில் ‘இந்தியாவில் தூண்டிற்கோல்’ என்று பொருள்படும் நூலை வெளியிட்டார். ஏரி குளங்களில் தூண்டிலிடுவதைப் பற்றி 1887இல் மற்றொரு நூலும் எழுதினார். 1897இல் இந்திய மீன்வளச் சட்டம் பிறந்தது. வெடி வைத்தும் நஞ்சு கலந்தும் மீன் பிடிப்பதை அது குற்றமாக்கியது. ஒரு முள்ளால் ஒரு மீனைப் பிடிப்பவனுக்கும், ஒரு வெடியால் மடுவையே அழிப்பவனுக்கும் உள்ள வேறுபாட்டைச் சட்டமும் உணர்ந்தது.

1950ஆம் ஆண்டின் இறுதியில் கொரியப் போர் காரணமாக அமெரிக்கா சீனத்தோடு வாணிகத்தைத் தடை செய்தது. தோங்கின் மூங்கில் அமெரிக்கக் கோல் செய்வோர்க்குக் கிட்டாமற் போயிற்று. ஆனால் அதற்குள் வேறொரு பொருள் வந்துவிட்டது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் வளர்ந்த கண்ணாடி இழைத் தொழிலைக் கொண்டு, 1940களின் பிற்பகுதியில் கோல் செய்யத் தொடங்கியிருந்தனர். கண்ணாடி இழையைப் பிசினில் தோய்த்துக் குழலாக வார்ப்பது எளிது. அச்சு ஒன்றிருந்தால் ஆயிரம் கோல் செய்யலாம். உழைப்புக் குறைந்தது, விலையும் குறைந்தது. நைலான் நூலும் அதே காலத்தில் பரவி, குதிரைமயிர் நாணையும் பட்டு நாணையும் ஒதுக்கிவிட்டது. நம் மீனவர் தங்கூசி என்று வழங்குவது இவ்வகை நூலையே. பின்னர் 1960களில் இங்கிலாந்தின் ஃபார்ன்பரோ வானூர்தி ஆய்வு நிலையத்தில் வலிய கார்பன் இழை உருவாயிற்று. 1970களின் தொடக்கத்தில் கார்பன் கோல்கள் கடைக்கு வந்தன. நீளம், இலேசு, மெல்லிய நுனி என்னும் மூன்றன் பகையை இதுவரையில் நன்கு தீர்த்தது கார்பன் இழையே. ஆனால் அது விலையேறியது.

இப்போது என் பிழையைச் சொல்லுகிறேன்.

1976ஆம் ஆண்டு. நான் பள்ளி இறுதி வகுப்பில் படித்துக்கொண்டிருந்தேன். என் தந்தையார் பஞ்சாலைத் தொழிலாளி. எங்கள் தெருவில் பிரெஞ்சுப் படையில் பணியாற்றி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் இருந்தார். அத்தகையோரை எங்கள் ஊரில் ‘சொல்தா’ என்போம். பிரான்சிலிருந்து கொண்டுவந்த நீண்ட கண்ணாடி இழைக் கோலுடன் ஞாயிறுதோறும் சங்கராபரணிக்குச் செல்வார். மாலையில் கெண்டையும் கெளுத்தியுமாகத் திரும்புவார். அவருடைய திறமையை நான் கோலின் திறமை என்று எண்ணினேன். அதே நிறமுடைய அயல்நாட்டுக் கோல் ஒன்றை நகரத்துக் கடையொன்றில் கண்டேன். பொதுத்தேர்வுக் கட்டணத்திற்காகத் தந்தையார் கொடுத்த பணம் என் சட்டைப்பையில் இருந்தது. அதைக் கொடுத்து அக்கோலை வாங்கிவிட்டேன்.

ஆற்றங்கரையில் மூன்று மணி நேரம் நின்றேன். என் கோல் குட்டையாகவும் தடிப்பாகவும் இருந்தது. நாண் நீரில் கிடந்தது. தக்கை குறுக்கே இழுபட்டது. பக்கத்தில் இருந்த சிறுவன் ஒருவன் வெறும் மூங்கிற்கோலில் ஐந்தாறு கெண்டை பிடித்துவிட்டான். எனக்கு ஒன்றும் அகப்படவில்லை. அப்பெரியவர் வந்து என் கோலைக் கையில் வாங்கிப் பார்த்தார். “தம்பி, இது கடற்கரையில் கனத்த ஈயம் கட்டி வீசுவதற்கு ஆன கோல். ஆற்றுக்கு ஆகாது. வாங்குவதற்கு முன் என்னைக் கேட்டிருக்கலாமே” என்றார். அவ்வளவுதான் சொன்னார். கோலில் குறையில்லை, அதன் வேலை வேறு. அதை அறியாதது என் குறை.

வீட்டிற்கு வந்து உண்மையைச் சொன்னேன். என் தாயார் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காலை வீட்டிலிருந்த பித்தளைத் தவலை அடகுக்கடைக்குச் சென்றது. தேர்வுக் கட்டணம் கட்டப்பட்டது. தவலை திரும்பி வர மூன்று மாதம் ஆயிற்று. அந்த மூன்று மாதமும் அவர் மண்குடத்தில் தண்ணீர் சுமந்தார். நான் குடத்தைக் கண்டபோதெல்லாம் தலைகுனிந்தேன்.

அடுத்த ஞாயிறன்று என் தந்தையார் என்னை அழைத்துக்கொண்டு மூங்கில் விற்கும் கடைக்குச் சென்றார். “ஆசைப்பட்டது தப்பில்லை தம்பி. எதற்கு வேண்டும் என்று தெரியாமல் வாங்கினாயே, அதுதான் தப்பு” என்றார். பிறகு ஒரு மணி நேரம் மூங்கில்களைப் புரட்டிப் புரட்டி எனக்குக் காட்டினார். எட்டணாவுக்கு, அதாவது ஐம்பது காசுக்கு, ஒரு கோல் வாங்கினோம். அவர் அன்று கற்பித்ததையும், பின்னர் நான் கற்றதையும் சேர்த்து உங்களுக்குச் சொல்லுகிறேன்.

மூங்கில் முற்றியதாக இருக்க வேண்டும். மூன்று ஆண்டேனும் நின்ற மூங்கிலைத் தட்டினால் கணீரென்று ஒலிக்கும். இளமூங்கில் மந்தமாக ஒலிக்கும், காய்ந்தபின் சுருங்கும். அடியிலிருந்து நுனிவரை படிப்படியாகச் சிறுத்திருக்க வேண்டும். சிறு துளைகளும் அவற்றிலிருந்து மாவு போன்ற பொடியும் கண்டால் உளு அரித்தது என்று அறிந்து விலக்க வேண்டும். பத்து முதல் பன்னிரண்டு அடி நீளம் நம் ஆறுகளுக்குப் போதும். வாங்கியதை இரண்டு வாரம் நீரில் ஊற வைத்தால் உளுவுக்கு உணவாகிய மாவுப்பொருள் பெரிதும் கரைந்துவிடும். பின்பு நிழலில் உலர்த்தி, கோணலான இடத்தை இளந்தீயில் வாட்டி நிமிர்த்தி, எண்ணெய் தடவ வேண்டும். நாணை நுனியில் மட்டும் முடியாமல், கோலின் பாதிவரை கொண்டுவந்து கட்டுவது நல்லது. நுனி ஒடிந்தாலும் மீன் போகாது.

இன்று கடையில் வாங்க விரும்புவோர்க்கும் இதே முறைதான். முதலில் எந்த நீர், எந்த மீன் என்று கேளுங்கள். சிற்றாற்றில் கெண்டைக்கும், 1952இல் இந்தியாவிற்குள் வந்து இன்று எங்கும் பெருகிவிட்ட ஜிலேபி மீனுக்கும், ரீல் இல்லாத, ஒன்றினுள் ஒன்று அடங்கும் நீண்ட கைக்கோல் போதும். கண்ணாடி இழைக் கோல் சற்றுக் கனக்கும். ஆனால் விலை குறைவு, முரட்டுக் கையையும் தாங்கும். கார்பன் கோல் இலேசு. கல்லில் மோதினால் நொறுங்கக் கூடும். இரண்டும் கலந்தவையும் உண்டு. மேலே எழுதியிருப்பதை மட்டும் பார்த்து விலை கொடாதீர்கள். கோலை முழு நீளத்திற்கு நீட்டிக் கை அலுக்கும்வரை பிடித்துப் பாருங்கள். நுனி தலைகனத்துத் தாழ்ந்தால் வைத்துவிடுங்கள். மெல்ல உதறிப் பாருங்கள். அசைவு விரைவில் அடங்கினால் நல்ல கோல். இன்னொன்று மறவாதீர்கள். கார்பன் இழை மின்சாரத்தைக் கடத்தும். மின்கம்பிகளின் கீழே அக்கோலை ஒருபோதும் உயர்த்தாதீர்கள். இடிமின்னல் வேளையில் எந்தக் கோலையும் பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள். மழை பெய்த ஆறு திடீரென்று பெருகும், தனியே செல்லாதீர்கள்.

நல்ல கோல் இருந்தும் ஆறு இல்லாவிட்டால் என்ன பயன்? செஞ்சிப் பக்கத்திலிருந்து வரும் சங்கராபரணியில் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில்தான் நீர் நன்கு ஓடுகிறது. மற்ற மாதங்களில் மணலும் மடுக்களுமே காட்சி தரும். அம்மடுக்களே அடுத்த மழைக்கு மீன்களைக் காத்து வைக்கும் களஞ்சியம். ஆகவே கோடையில் மடு மீனைத் துடைத்து எடுக்கலாகாது. சிறு மீனையும் முட்டை நிறைந்த மீனையும் திரும்ப விட வேண்டும். எங்கள் ஊசுட்டேரி 2008இல் புதுச்சேரி அரசால் பறவைகள் புகலிடமாக அறிவிக்கப்பட்டது. அங்கே தூண்டிலுக்கு இடமில்லை, கண்ணுக்கே விருந்து. பிற நீர்நிலைகளிலும் உரிமை பெற்றவரைக் கேட்டுத்தான் தூண்டிலிட வேண்டும். அறுந்த நைலான் நூலைக் கரையில் விட்டுவராதீர்கள். அது மட்காது; பறவையின் காலைச் சுற்றி உயிரை வாங்கும்.

என் பெயரன் இவ்வளவையும் கேட்டான். அடுத்த நாள் நாங்கள் இருவரும் மூங்கில் கடைக்குச் சென்றோம். எட்டணாக் காலம் போய்விட்டது. ஆயினும் அவன் கைச்செலவுப் பணத்திற்குள் ஒரு கோல் அமைந்தது. பல மூங்கில்களைத் தட்டித் தட்டி ஒலி கேட்டு அவனே தேர்ந்தெடுத்தான். கதவுக்குப் பின்னால் நிற்கும் என் பழைய கோலுக்குப் பக்கத்தில் இப்போது அவன் கோலும் காய்ந்துகொண்டிருக்கிறது. மழை வந்து ஆற்றில் நீர் ஓடும்போது இருவரும் செல்வதாக இருக்கிறோம்.

மாணவச் செல்வங்களே! ஒரு காலத்தில் இவ்வறிவைப் பெருநூலுக்குள் வைத்துப் பூட்டினார்கள். இன்று பள்ளியும் நூலகமும் வானொலியும் அதை எல்லோர்க்கும் வழங்குகின்றன. பொருள் வாங்கப் பணம் குறைவாக இருக்கலாம்; கேட்டறிவதற்கு அந்தத் தடையில்லை. எந்தப் பொருளை வாங்கும்போதும், “இது எவ்வளவு?” என்று கேட்பதற்கு முன் “இது எதற்கு?” என்று கேளுங்கள். அன்று நான் அதைக் கேட்டிருந்தால், என் தாயார் மூன்று மாதம் மண்குடம் சுமந்திருக்க மாட்டார்.